கதவுப் பெட்டியின் சிவப்பு விளக்கு

என் இடது பக்கம் நூர்பானு. கொஞ்சமாவது கேட்கிற காது எனக்கு அதுதான். எதிரே தரையில், கதவிலிருந்து கழற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு செல்போன் கடை ஜோயல். வலது பக்க நாற்காலி காலி. அது என் மகள் விஜியின் இடம். கேட்காத பக்கம் உட்கார்ந்து என்னைத் திட்டுவதில் அவளுக்கு ஒரு சுகம்.

மில் சத்தத்தில் போன காது. மடவார் வளாகத்துக் கோயில் மணியைக்கூட நெஞ்சில்தான் உணர்வேன். கதவைத் தட்டினால் கட்டிலருகே விளக்கு எரியும்படி இந்தப் பெட்டியைச் செய்து மாட்டியவன் ஜோயல். வாசலில் கரண்ட் இல்லாததால் பேட்டரி. நேற்று மத்தியானம் நான் கண்ணயர்ந்திருந்தபோது அது தீர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் முடித்து ராஜபாளையம் போன பிறகு முதல் தடவையாக விஜி வந்திருக்கிறாள்.

"தட்டித் தட்டிப் பாத்துச்சுண்ணே," என்றாள் எதிர்வீட்டு நூர்பானு. "நான் கொடித்துணிய எடுத்துட்டு வாரதுக்குள்ள போயிருச்சு. நீங்க உள்ள இருந்துக்கிட்டே தொறக்கலைன்னுதான் நெனச்சிருக்கும்."

ஜோயல் போர்டில் கடுகளவு இருந்த சிவப்பு விளக்கைக் காட்டினான். "அம்புட்டையும் இதுதான் தின்னுருக்கு அண்ணாச்சி. ராப்பகலா சும்மா எரியுதுல்லா. அன்னைக்கே எடுத்துருதேன்னேன், நீங்க விடல."

உண்மைதான். படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் இன்னொரு ஆள் முழித்திருப்பது போல இருக்கும்.

"எரியலைன்னா உசிரு இருக்குன்னு எப்படிலே தெரியும்?"

"பெட்டி தூங்கும் அண்ணாச்சி. தூங்குனா பேட்டரி மாசக்கணக்கா வரும். தட்டுனா முழிச்சுக்கிடும்."

"உங்களை மாதிரி இல்லண்ணே," என்றாள் நூர்பானு.

ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் பட்டதும் சிவப்பு விளக்கு அவன் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. லேப்டாப்பை மாட்டிப் பெட்டிக்குத் தூங்கக் கற்றுக்கொடுத்தான். பிறகு புது பேட்டரி போட்டு, கதவில் மாட்டித் தட்டினான். கட்டிலருகே விளக்கு எரிந்தது.

அவர்கள் போனபின் கதவைப் பார்த்துப் படுத்திருந்தேன். கருப்பாக இருந்தது. அந்தக் கருப்புக்குள் எனக்கு இல்லாத ஒரு காது தூங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்க நினைக்க, கட்டில் மெல்ல மிதப்பது போலிருந்தது.

போனில் அவள் பேசுவது எனக்குக் கேட்காது. நேரில் போனால் மாப்பிள்ளை முன்னால் "என்ன, என்ன" என்று நிற்கவேண்டும். அதனால் எழுதினேன். முதலில் பேட்டரி தீர்ந்த விவரம், அடுத்து பெட்டி தூங்கும் விதம், கடைசியாக, "இனி நீ தட்டினால் எனக்குத் தெரியும். நாற்காலி அதே இடத்தில்தான் இருக்கிறது."

சிவப்பு விளக்கைத் தாளில் மடித்து உள்ளே வைத்து, சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டினேன். தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டேன். விழுந்தது கேட்கவில்லை. இரும்பின்மேல் வைத்திருந்த என் கைக்கு மட்டும், உள்ளிருந்து லேசாக ஒரு தட்டு.