புல்லாங்குழலுக்குப் பிறகு வாசித்த சேதி

எங்கள் வானொலியில் சாவைச் சாவென்று சொல்ல மாட்டோம். அப்பா வைத்த சட்டம். எங்கள் ஊர் பம்பாவில்காவைச் சுற்றியுள்ள மலைகளில் போன் கிடையாது. யாருக்கு யார் என்ன சொல்ல வேண்டுமானாலும் எங்கள் ஜன்னலில் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நான் வாசிப்பேன். "ஹசிந்தோ, நீ ஓட்டிப்போன கழுதை உன் மாமனார் கொடுத்த சீதனமில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்து கட்டு" என்கிற மாதிரி முதலில் வரும். பிறகு பிரயாணம், நோய். கடைசியில் ஒரு புல்லாங்குழல் இசைத்தட்டைப் போடுவேன். அதற்குப் பிறகு வாசிப்பதெல்லாம் சாவு. வாசகம் என்னவோ "உடம்பு சரியில்லை, உடனே வரவும்" என்றுதான் இருக்கும். ஆனால் குழல் கேட்டதுமே மலையில் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் குழல் முடிந்து, ஒரு கிழவரின் சேதியை வாசித்து மைக்கை அணைத்தேன். ஜன்னலில் பெனிதா நின்றாள். ஓடிவந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"தெல்ஃபினா, அம்மாவுக்கு ரொம்ப முடியல. அண்ணனப் பாக்கணும்னு அழுவுறா. இப்பவே படிச்சிடு, உனக்குப் புண்ணியமாப் போகும். சுரங்கத்துலேர்ந்து ரெண்டு மணிக்கு லாரி இருக்கு. அத விட்டா நாளைக்குக் காலைலதான்."

அவள் அண்ணன் எவரிஸ்தோ ஆறு வருஷமாகச் சுரங்கத்தில் இருக்கிறான். அவன் கிளம்பிய அன்று, "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று தெருவே கேட்கக் கத்தியவள் அவன் அம்மா சத்துர்நீனா. அவளே இப்போது கூப்பிடுகிறாள் என்றதும் என் மனசு இளகிவிட்டது. மைக்கைப் போட்டேன். "சுரங்கத்தில் இருக்கும் எவரிஸ்தோவுக்கு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வரவும்."

பெனிதா வீட்டுக்கு ஓடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. குழலுக்குப் பிறகல்லவா வாசித்துவிட்டேன்!

அப்பா பின்னறையிலிருந்து தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். "அடப் பாவமே, சத்துர்நீனா எப்ப போனா?"

"போகலப்பா. உயிரோடதான் இருக்காங்க. நான்தான் இடம் மாத்திப் படிச்சுத் தொலைச்சுட்டேன். உயிரோட இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

அப்பா மைக்கின் மேல் கையை வைத்து மூடினார். "வாயைத் தொறக்காத. இன்னிக்கு ஒருத்தி உயிரோட இருக்கான்னு சொன்னா, நாளைலேர்ந்து நீ சொல்லாத ஆளெல்லாம் செத்தாச்சுன்னு அர்த்தமாயிடும். காய்ச்சல்னு படிச்சாக்கூட மாரடிச்சுக்கிட்டு வருவாங்க. அஞ்சு மணிக்கு வரிசைப்படி படிச்சுக்கலாம்."

"அஞ்சு மணிக்கு லாரியே வந்து சேர்ந்துடும்ப்பா!"

"அதத்தான் நானும் சொல்றேன். அம்மா செத்துட்டான்னு கேட்டவன் விழுந்தடிச்சு ஓடிவர மாட்டானா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சரியாகப் பட்டால் தேவலை என்று இருந்தது, அதுதான் நிஜம். முப்பத்தெட்டு வயசுக் கழுதை நான், ஊருக்கே வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள், அப்பா முறைத்ததற்கு அடங்கி உட்கார்ந்திருந்தேன்.

லாரி ஐந்து மணிக்கு வந்தது. உருளைக்கிழங்கு மூட்டையும் நாலு பெண்களும் இறங்கினார்கள். எவரிஸ்தோ இல்லை. ஐந்து மணி வாசிப்பை அப்பாவிடம் விட்டுவிட்டு நேராகச் சத்துர்நீனா வீட்டுக்கு ஓடினேன். கதவுச் சத்தம் கேட்டதும் அந்த அம்மா, "வந்துட்டானா?" என்று தலையைத் தூக்கப் பார்த்தாள். "வந்துக்கிட்டிருக்கான்" என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன். பிறகும் மூன்று தடவை கேட்டாள். ஆறு மணிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணி லாரியில் அவன் வந்தான், சவப்பெட்டியோடு. எங்கள் ஊரில் தச்சன் இல்லை. தாய்க்குப் பெட்டி மூத்த மகன்தான் கொண்டுவர வேண்டும். இது தெரியாதவளா நான்? அப்பாவுக்குத்தான் தெரியாதா? முதல் நாள் எங்கள் இரண்டு பேர் புத்தியும் எங்கே மேயப் போயிருந்ததோ!

பெட்டியைச் சதுக்கத்தில் இறக்கிவைத்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் எங்கள் ஜன்னலுக்கு வந்தான். முகம் அழுது வீங்கியிருந்தது.

"தெல்ஃபினா, நீ நல்லாருக்கணும். நீ மத்தியானமே சொன்னதாலதான் நல்ல மரமாப் பாத்து செய்ய முடிஞ்சுது. ரெண்டு மணி லாரிய விட்டுட்டேன். இருக்கும்போதுதான் ஒண்ணும் செய்யல, இதையாவது ஒழுங்காச் செய்வோம்னு."

அப்பா உள்ளேயிருந்து இருமினார். எதற்கு இருமுகிறார் என்று எனக்குத் தெரியாதா? இருமட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எவரிஸ்தோ, அம்மா நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் போனாங்க. நான் படிச்சப்போ உயிரோட இருந்தாங்க. இடம் மாறிப் போச்சு. தப்பு என்னோடது. திருத்திச் சொல்லியிருக்கலாம், சொல்லல."

"குழல் போட்டியே" என்றான்.

"போட்டேன்."

"என்னைக் கேட்டாளா?"

"கடைசி வரைக்கும் கேட்டாங்க."

கையை ஓங்குவான் என்று நினைத்தேன். ஓங்கியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆறு மணிக்கு நான் மூடிக்கு உப்புத்தாள் போட்டுக்கிட்டிருந்தேன்" என்றான். "தச்சன் போதும் போதும்னுதான் சொன்னான். அம்மாவுக்கு எங்கயும் உறுத்தக் கூடாதுன்னு நான்தான் இன்னும் கொஞ்சம் தேய்ச்சேன்."