குளவி கொட்டிய ரேடியோ

ஏசி மெக்கானிக்குக்கு வாய்த்த மச்சினனை ஊரே ரேடியோ என்றுதான் கூப்பிட்டது. மனைவியின் தம்பி, வேலையிலும் கூட்டாளி. நிறுத்துவதற்குப் பொத்தான் வைக்க மறந்துபோன ரேடியோ. காலையில் வேன் கதவைத் திறக்கும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் அதே கதவைச் சாத்தும் வரை ஓடும். குழாய் வெட்டும்போது பேச்சு, கேஸ் நிரப்பும்போது பேச்சு, வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டிருக்கும்போதும் பேச்சு. "உன் வாய்க்குத் தனியா ஒரு கரண்ட் மீட்டர் வைக்கணும்டா" என்பாள் கூடப் பிறந்த அக்காளே.

மெக்கானிக் நேர் எதிர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்குள் எதிரே நிற்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். மலை ஏறினாலும் மச்சான் தயவு வேண்டும் என்று சொல்லி வைத்தார்கள். மலை ஏறுகிறவனுக்கு அது சரி. அந்த மச்சானோடு நாள் முழுக்க ஒரே வேனில் போகிறவன் காது படும் பாட்டை எவராவது கேட்டார்களா?

வேலையும் அப்படிப்பட்ட வேலை. ஏசி மாட்டுவது ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று செய்கிற காரியம். உள்ளே மெக்கானிக், வெளியே ரேடியோ. நடுவில் செம்புக் குழாய் போவதற்காகச் சுவரில் ஓர் ஓட்டை. "தள்ளு", "இழு", "போதும்" என்ற மூன்று வார்த்தைகள் அதன் வழியாகப் போய் வந்தால் வேலை முடிந்துவிடும். ரேடியோ அந்த ஓட்டை வழியாக ஊர்க்கதை முழுவதையும் உள்ளே தள்ளுவான். மெக்கானிக் "உம்" கொட்டுவார். அதுவே அவருக்குப் பெரிய பேச்சு.

அன்று தையல்காரம்மாவின் மாடியில் வேலை. அறை முழுக்கத் தையல் மெஷின், நடுவில் நீளமான வெட்டு மேஜை, சுவரோரம் துணிச் சுருள்கள், இஸ்திரிப் பெட்டியின் அனல் வேறு. பழைய ஏசி உயிரை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். அறைக்குப் பின்னால் மொட்டை மாடி. அதன் கோடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, பழைய ஏசியின் வெளிப்பெட்டி துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது.

ரேடியோ அந்தப் பெட்டியின் கடைசித் திருகாணியைக் கழற்றி மூடியைத் தூக்கினான். உள்மூலையில் குளவிக்கூடு. ஜனங்கள் பேச்சுக்குச் சொல்வார்களே, குளவிக்கூட்டில் கை வைத்த மாதிரி என்று, அதை அவன் நிஜமாகவே செய்துவிட்டான்.

"ஐயோ அம்மா! மாமா! குடித்தனக்காரங்க உள்ளேயே இருக்காங்க!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தவன், அறைக்குள் புகுந்து கதவை அடித்துச் சாத்தினான். முன்கையில் ஒன்று, கழுத்தில் ஒன்று. கொட்டிய இடம் சிவந்து தடித்திருந்தது.

மெக்கானிக் பதறவில்லை. ஏசிக்காரனுக்குக் குளவி புதிதா என்ன? ஓடாத பெட்டியெல்லாம் அதுகளுக்கு வாடகையில்லாத வீடு. மச்சினனின் கழுத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"கொடுக்கு இல்ல. தேனீன்னா உள்ளேயே விட்டுட்டுப் போகும், உடனே எடுக்கணும். குளவி கையோட எடுத்துட்டுப் போயிடும். போய் சோப்புப் போட்டுக் கழுவு. மோதிரத்தைக் கழட்டிடு, கை வீங்கிச்சுன்னா அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்."

"இரும்பைத் தேய்ச்சா விஷம் இறங்கிடும்னு சொல்வாங்களே மாமா?" என்று ரேடியோ ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

"தோல்தான் இறங்கும். கீழே வை."

தையல்காரம்மா ஐஸ் கட்டிகளைத் துண்டுத் துணியில் சுற்றிக் கொண்டு வந்து கழுத்தில் வைத்தாள். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. இதுவரை எல்லாரும் சரியாகத்தான் செய்தார்கள். கோளாறு எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கழுத்தில் ஐஸ் இருந்தால் என்ன, வாயில் இல்லையே! ரேடியோ தையல்காரம்மாவிடம் ஆரம்பித்தான். "நீங்க கவலையே படாதீங்கம்மா. எங்க மாமா கை வெச்சா ஓடாத ஏசியும் ஓடும். அவர் வீட்டு ஏசியைத் தவிர! அது போன கோடையில படுத்தது, இன்னும் எழுந்திருக்கலை. எங்கக்கா தினமும் விசிறியைக் கையில வெச்சுக்கிட்டு இவருக்கு அர்ச்சனை பண்றா."

தையல்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்படியா சேதி? அப்ப இந்த ஏசிக்கு யாரு கேரண்டி?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் மெக்கானிக்கின் காதுமடல் சூடேறியது. போன வாரம் இதே கதையை இதே வாயிலிருந்து கேட்ட ஒரு பள்ளிக்கூடத்துக்காரர், பெரிய வேலை ஒன்றை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தார். அதை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள்ளேயே வைத்துப் பொருமிக்கொண்டிருந்தது இப்போது வெடித்தது.

"தவளை தன் வாயால கெடும்பாங்க. நீ என்னையும் சேத்தில்ல கெடுக்கற! வேலை முடியற வரைக்கும் உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்துச்சு, உங்கக்கா முகத்தைக்கூடப் பாக்க மாட்டேன். போடா வெளியே! இந்தச் சுவரோரம் நிழல்ல உக்காந்து குழாய்க்குப் பஞ்சு சுத்து. பெட்டிப் பக்கம் போகாதே."

அவ்வளவு நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. ரேடியோவின் முகம் குப்பென்று சிவந்தது. அவமானம் என்று நினைத்தார் மெக்கானிக். ரேடியோ என்னவோ சொல்ல வாயெடுத்தான், சொல்லாமல் மூடிக்கொண்டான். ஐஸ் துணியை மேஜையில் வைத்துவிட்டு, உள்ளங்கையைச் சொறிந்தபடியே வெளியே போனான்.

பிறகு அமைதி. ஆஹா, என்ன அமைதி! சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ இருக்கிறான், ஆனால் ஓட்டை வழியாகக் காற்று மட்டும்தான் வருகிறது. கத்தரிக்கோல் துணியில் ஓடும் சத்தம்கூடக் கேட்டது. மெக்கானிக் ஆணியடித்தார், மட்டம் பார்த்தார், மனசுக்குள் சீட்டியடித்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில்லை என்று நினைத்தார். ஆமாம், பாவி மனுஷன் அப்படித்தான் நினைத்தார்.

"தள்ளு" என்றார். குழாய் உள்ளே வந்தது. பதில் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம்." குழாய் பாதியில் நின்றுவிட்டது.

ரோஷத்தைப் பாரு ரோஷத்தை, என்று முணுமுணுத்துவிட்டு அவரே எட்டி இழுத்துக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. மனைவி. "என்னங்க, வரும்போது சலவைக்குப் போட்ட துணியை மறக்காம வாங்கிட்டு வந்துடுங்க" என்றவள், சட்டென்று, "எங்கே நம்ம ஆளு? பின்னாடி சத்தத்தையே காணோம்?" என்று கேட்டாள்.

"கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். கொஞ்சம் திட்டிட்டேன். வாயே திறக்கலை."

"யாரு, என் தம்பியா?" அவள் குரல் மாறியது. "கோவம் வந்து அவன் வாயை மூடி நீங்க என்னைக்காவது பாத்திருக்கீங்களா? கோவம் வந்தா ரெண்டு மடங்கில்ல பேசுவான்! என்ன ஆச்சு அவனுக்கு?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு குளவி கொட்டிச்சு..."

"ஐயோ! போன தடவை கொட்டினப்ப உடம்பு பூரா தடிப்புத் தடிப்பா வரலை? புதுச் சட்டைச் சாயம் ஒத்துக்கலைன்னு நாமளே சொல்லிக்கிட்டோமே! போங்க, போனை வெச்சுட்டுப் போய்ப் பாருங்க!"

மெக்கானிக் குனிந்து ஓட்டையில் கண்ணை வைத்தார். ஒரு கை மட்டும் தெரிந்தது. சொரசொரப்பான சுவரில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மெதுவாக, தெம்பில்லாமல்.

ஓடினார். கதவு வழியாக மொட்டை மாடிக்கு எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. ரேடியோ சுவரில் சாய்ந்து கிடந்தான். உதடும் கண்ணிமையும் வீங்கி ஆளே அடையாளம் தெரியவில்லை. குளவி கொட்டாத மார்பில், வயிற்றில், தோளில் எல்லாம் சிவப்புத் தடிப்பு. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். கண் மட்டும் மாமாவையே பார்த்தது.

"தொ...ண்டை" என்றான். குரலே இல்லை.

"டேய் மாப்ள! எந்திரிடா, கீழே வேன்ல போட்டு ஆஸ்பத்திரிக்கு..." அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போனார். அதற்குள் தையல்காரம்மா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு பெண்குரல் அதட்டியது.

"எழுப்பாதீங்க! நிக்கவோ நடக்கவோ வைக்கக் கூடாது. மூச்சு முட்டுதுன்னா காலை நீட்டி உக்காந்த மாதிரியே வைங்க. மயக்கம் வந்தா படுக்க வெச்சுக் காலைத் தூக்கி வைங்க. தண்ணிகூடக் குடுக்காதீங்க. வண்டி கிளம்பிடுச்சு. அவரை முழிச்சிருக்க வைங்க, பேச்சுக் குடுங்க."

பேச்சுக் கொடுக்க வேண்டுமாம். யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்!

மெக்கானிக் மச்சினன் பின்னால் உட்கார்ந்து அவன் முதுகைத் தன் மார்பில் தாங்கிக்கொண்டார். என்ன பேசுவது? பிறகு, அணை உடைந்த மாதிரி வந்தது. "டேய், கண்ணை மூடாதே. நம்ம வீட்டு ஏசி இருக்கில்ல, நாளைக்கே பாத்துடறேன்டா. கம்ப்ரஸர் போயிடுச்சு, அதான் தள்ளிப் போட்டேன். நீ எல்லார்கிட்டயும் சொல்லு, பரவாயில்ல. எங்க கல்யாணத்தன்னைக்கு நீ என்கிட்ட வந்து, எங்கக்கா குறட்டை விடுவா, தெரிஞ்சுதான் கட்டிக்கிறீங்களான்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு சபையே சிரிச்சுது. எனக்கு எவ்வளவு பயம் தெளிஞ்சுது தெரியுமா? சொன்னதே இல்ல உன்கிட்ட. ஒண்ணுமே சொன்னதில்லடா நான். டேய், கேக்குதா? உம் கொட்டுடா!"

ரேடியோவின் விரல் மாமாவின் முழங்கையை ஒரு தடவை அழுத்தியது. அதுதான் உம். மெக்கானிக் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே பேசினார். வாழ்நாளுக்குச் சேர்த்து வைத்ததையெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்கும் வரை பேசினார்.

வந்தவர்கள் பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டார்கள். பேண்ட் துணியோடு சேர்த்துத் தொடையில் ஓர் ஊசி போட்டு, முகத்தில் ஆக்சிஜனை மாட்டினார்கள். வண்டி ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் அந்த விசில் சத்தம் தேய்ந்து, மார்பு நிதானமாக ஏறி இறங்க ஆரம்பித்திருந்தது.

டாக்டரம்மா மெக்கானிக்கை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள். "கொட்டின இடத்துல மட்டும் வீங்கினா நீங்க செஞ்ச வைத்தியம் போதும். கொட்டாத இடத்துல தடிச்சாலோ, முகம் வீங்கினாலோ, குரல் கம்மினாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுத்தினாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்கக் கூடாது. போன தடவையே உடம்பு எச்சரிச்சிருக்கு. பல தடவை கொட்டினா பழகிடும்னு நினைக்காதீங்க, சிலருக்கு ஒவ்வொரு தடவையும் மோசமாகும். இந்த வீக்கமும் மூச்சு முட்டலும் சில மணி நேரம் கழிச்சுத் திரும்பவும் வரலாம், அதனால நாளைக்கு வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். இனிமே பேனா மாதிரி ஒரு ஊசி எப்பவும் அவர் பையில இருக்கணும். அதைப் போட நீங்களும் கத்துக்கணும்."

"கத்துக்கறேம்மா" என்றார் மெக்கானிக். "அவன் பேசாம இருந்தான். நான் நிம்மதின்னு நினைச்சேன்." டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

உள்ளே போனார். முகத்து வீக்கம் பாதி வடிந்திருந்தது. ரேடியோ முகமூடியைக் கொஞ்சம் தூக்கினான். கரகரவென்று ஒரு குரல்.

"மாமா... வேலை முடிஞ்சுதா? இப்போ பேசலாமா?"

வேலை முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னது யார்? மெக்கானிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பேசுடா" என்றார். "நீ பேசு. இனிமே நீ நிறுத்தினாதான் உதைப்பேன்."

மனைவிக்கு விவரம் சொல்ல வராந்தாவுக்குப் போனார். அவள் அழுது, திட்டி, மறுபடி அழுது, இதோ வருகிறேன் என்று போனை வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, கட்டிலருகே நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏசி மெக்கானிக்காமே நீங்க? உங்க வீட்டு ஏசியே ஓடலையாமே?"

"ஆமாம்மா, போன கோடையிலேர்ந்து ஓடலை" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னும் என்னென்ன சொன்னான்?"