கண்ணாடி மாட்டிய திருப்பம்

மைத்துனன் அட்டைப்பெட்டியைப் பிரித்து, புதுக் கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்தான். போன வருடத்து மாடலைவிட மெலிந்திருந்தது. நிறம் மாறியிருந்தது.

"மாமா, முன்னாடியே சொல்லிடறேன். உள்ள படம் காட்டற கிராபிக்ஸ் சிப் பழசுதான். கிழவனுக்குத் தலைக்கு மை அடிச்சு, மாப்பிள்ளைன்னு கொண்டாந்து நிறுத்தியிருக்கானுங்க."

சிரிக்க வேண்டிய இடம் என்று கேட்டுக்கொண்டிருந்த அவனுக்குத் தெரிந்தது. சிரித்தான். மைத்துனனுக்குக் கம்ப்யூட்டர் கடையில் வேலை. அக்கா இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரிவதில்லை. இன்று பேச ஒரு பெட்டி இருந்தது. கடையில் காட்சிக்கு வைக்கவேண்டியதை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

அந்த அக்கா, அவன் மனைவி, மரச்சாமான் கம்பெனி ஒன்றில் அடுப்படி அலமாரிகளுக்குப் படம் வரைந்தவள். வேலை முடிந்து வந்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் தங்களுக்காக ஒரு வீடு வரைந்தாள். மனையே வாங்கவில்லை, வீடு மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. அவள் பழகிய மென்பொருள் இந்த ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களில்தான் ஓடும். அதில் வீடு வெறும் கோடுகளாகத் தெரியும். வெளிச்சமும் நிழலும் போட்டால் உள்ளிருக்கும் மின்விசிறி இரையும்; படம் உறைந்துவிடும். அடுத்த மாடலில் சரியாகிவிடும் என்பாள். வருடந்தோறும் புது மாடலை அறிவிக்கும் நாளில் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து ஒரே போனில் பார்ப்பார்கள். மேடையில் இருப்பவர் நிறத்தைப் பற்றிப் பேசுவார், ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசுவார். கடைசியில், போகிற போக்கில், கிராபிக்ஸ் சென்ற ஆண்டைவிடச் சற்று வேகம் என்பார். "சற்றாம்!" என்று அவள் தலையணையை எறிவாள். அந்தச் சொல் வீட்டில் ஒட்டிக்கொண்டது. உப்பு போதுமா? சற்று. தலைவலி விட்டதா? சற்று. ஆஸ்பத்திரியில் கடைசியாக அவன், வலி குறைந்திருக்கிறதா என்று கேட்டபோதும் அவள் அதையேதான் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை நர்ஸ் பார்த்தாள்.

இந்த வருட அறிவிப்பை அவன் தனியாகப் பார்த்தான். சற்று என்ற சொல் வந்ததும் உடம்பெல்லாம் கோபம் ஏறியது. பல மாதங்களுக்குப் பிறகு உடம்பில் ஏதோ ஒன்று நகர்ந்தது. தலையணை பக்கத்திலேயே கிடந்தது. அவன் எறியவில்லை.

"போடுங்க மாமா. அக்கா வீட்டைப் பாத்துடலாம்."

அவன் அவள் வரைந்த படத்தை ஏற்றி, அதில் வெளிச்சத்தைப் போட்டான். விசிறி இரைந்தது. கோடுகள் மெல்ல மெல்லச் சுவர்களாயின. கூடத்தில் வெயில் விழுந்தது. அவள் தேர்ந்தெடுத்த பச்சை இவ்வளவு வெளிறியது என்று அவனுக்குத் தெரியாது. அம்புக்குறியை அழுத்தினான். படம் திக்கித் திக்கி நகர்ந்து அடுப்படிக்குள் போனது. எல்லாமே உயரமாக இருந்தன. மேல் அலமாரியின் அடிப்பலகை தெரிந்தது. குளிர்பெட்டியின் தலை தெரியவில்லை.

"அளவு தப்பா போட்டிருக்காளா?" என்றான்.

மைத்துனன் குனிந்து ஓர் எண்ணைப் பார்த்தான். "அளவெல்லாம் சரிதான் மாமா. பாக்கற கண்ணோட உயரம்தான் கம்மி. குள்ளக் கத்திரிக்கா, தன் உயரத்துக்கு வச்சிருக்கா." மூக்கை உறிஞ்சினான். "உங்க உயரத்துக்கு ஏத்தட்டுமா?"

"வேணாம்டா."

அவன் படத்தை நடைக்குத் திருப்பினான். அங்கே, திருப்பத்துச் சுவரில், அவள் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டியிருந்தாள். கண்ணாடிக்குள் வீடு முழுவதையும் இன்னொரு முறை வரைந்தாகவேண்டும் என்பதால், பழைய மெஷின் எப்போதும் உறைந்துபோனது அதனால்தான். அதை எடுத்துவிடேன் என்று அவன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். மெஷினுக்குப் பயந்து யாராவது வீட்டை மாத்துவாங்களா என்பாள்.

கண்ணாடியின் மரச்சட்டம் வந்தது. உள்ளே மேல் ஓரத்தில் ஒரு கீற்று கூடத்து விட்டம். அதற்குக் கீழே இன்னும் வரையப்படாத சாம்பல் நிறம். படம் நின்றது.

"போச்சு. ஹேங் ஆயிடுச்சு. இந்தக் கம்பெனிக்கு அக்காவும் நீங்களும் வாக்கப்பட்டதுதான் மிச்சம்." மைத்துனன் பொத்தானை நோக்கிக் கை நீட்டினான். "அணைச்சுட்டு, அந்தக் கண்ணாடியை மட்டும் எடுத்துடலாம் மாமா. வீடு பூரா ஜம்முனு சுத்தி வரலாம்."

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அணைக்காத."

"இனிமே அசையாது மாமா."

"இருக்கட்டும்."

மைத்துனன் கையை எடுத்துக்கொண்டு, டீ போடுவதாகச் சொல்லி உள்ளே போனான். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. விசிறி இரைந்துகொண்டே இருந்தது. அவன் நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிந்தான். தோள்கள் முதுகுச்சாய்வைவிட்டு இறங்கின. முழங்கால்கள் மேசைக்கடியில் முட்டின. அவள் உயரத்துக்கு இறங்கிய அவன் கண்கள் அந்தச் சாம்பல் நிறத்துக்கு நேராக வந்தன.