அப்பாவின் இரண்டு வரி

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் தெரசா தினமும் போனில் மகன் பெயரைத் தேடுவாள். ஜினோ தனிஸ்லாஸ், மதுரை. முதலில் வந்து நிற்பது கணவர் தனிஸ்லாஸ் போட்டுவைத்த இணையப் பக்கம்தான். அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வண்டியூர் வீட்டை விட்டுப் போனவன், எந்த ஊரிலாவது உட்கார்ந்து ஒருநாள் தன் பெயரைத் தானே தேடிப் பார்ப்பான் என்று நம்பி அவர் அதைப் போட்டார். தலைப்புக்குக் கீழே இரண்டு வரி தெரியும். ‘அப்பாவுக்குக் கோவமெல்லாம் போயிருச்சுய்யா. ஒரு போன் மட்டும் பண்ணு.’ அடுத்து அவருடைய நம்பர்.

போன வருஷம் நெஞ்சுவலியில் அவர் போய்விட்டார். அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது, ரீசார்ஜ் பண்ணாமல் அவர் நம்பரும் போயிருந்தது. கம்ப்யூட்டர் கடை பாதுஷாவிடம் சொல்லி, அந்தப் பக்கத்தில் இருந்ததை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டு, ‘அம்மா காத்திருக்கேன்’ என்று மாற்றினாள். ஆனால் தேடினால் வெளியே தெரிவது பழைய வரிகளும் பழைய நம்பரும்தான்.

“தேடுற கம்பெனி நம்ம பக்கத்தக் காப்பி எடுத்து வச்சிருக்கும் டீச்சர். காமிக்கிறது அந்தக் காப்பியத்தான். ரொம்ப நாள் மாறாம கெடந்த பக்கம்னா, திரும்ப வந்து பாக்க லேட்டாகும். சீக்கிரம் வந்து பாருன்னு நாம கேக்கலாம். கேக்கவா?”

“இருக்கட்டும் தம்பி. வரும்போது வரட்டும்.”

அந்த வரிகளைக் காலையில் பார்த்தால் அவர் பக்கத்து அறையில் சவரம் பண்ணிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. அதை எப்படி விடுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், ஏனென்று தெரியாமல் அந்த நம்பரை அழுத்திவிட்டாள். மணி அடித்தது. வாடிப்பட்டியில் துணி தைக்கும் பாண்டிச்செல்வி என்ற பெண் எடுத்தாள்.

“இது முந்தி எங்க வீட்டுக்காரர் நம்பரும்மா. தனிஸ்லாஸ்னு பேரு.”

அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது.

“அக்கா, ஒரு பையன் கூப்புட்டான்க்கா. எடுத்ததும் ‘அப்பா’ன்னான். ராங் நம்பர்னு வச்சுட்டேன். திரும்பக் கூப்புட்டு இந்தப் பேரத்தான் கேட்டான். அப்படி யாருமில்ல, இது என் நம்பருன்னேன். ‘நம்பரையே மாத்திட்டாரா’ன்னான். அம்புட்டுதான்.”

“அவன் நம்பர் இருக்காம்மா?”

“பொங்கலுக்கு முன்னாடிக்கா. அந்த போன் தண்ணில விழுந்துருச்சு.”

“குரல் எப்படி இருந்துச்சு?”

“சளி புடிச்ச மாரி இருந்துச்சுக்கா.”

அவன் இனிமேல் கூப்பிட்டால் தன் நம்பரைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, நேரே பாதுஷா வீட்டுக்குப் போனாள். சீக்கிரம் வந்து பாரென்று அந்தக் கம்பெனியைப் பொங்கலுக்கு முன்பே கேட்டிருக்கலாம். கணவரின் வரிகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிற ஆசையில் பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டோம் என்பதை யாரிடம் சொல்ல? “கேட்டுருங்க தம்பி” என்று மட்டும் சொன்னாள்.

சில நாளில் பழைய காப்பி போயிற்று. அவர் எழுதிய வரிகளும் போயின. அதோடு பக்கமும் கீழே இறங்கி, ஜினோ என்ற பெயரில் ஒரு போட்டோ ஸ்டுடியோ முதலில் வந்து நின்றது.

“சார் நிறைய எழுதிருந்தாரு டீச்சர். இப்ப உள்ள ஒத்த வரிதான கெடக்கு. தெனம் புதுசா ஏதாச்சும் எழுதுங்க. அடிக்கடி வந்து பாக்கும். மேல ஏறும்னு உறுதியாச் சொல்ல முடியாது, ஏறலாம்.”

அன்றிலிருந்து தினமும் எழுதினாள். தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்தது, பெர்சி சித்திக்குக் கண் ஆபரேஷன், முருங்கையில் கம்பளிப்பூச்சி. எழுத வேண்டிய ஒன்று மட்டும் விரலுக்கு வரவில்லை. அப்பா செத்துப்போன செய்தியை அவன் இப்படியா படிக்க வேண்டும்? கூப்பிடட்டும், வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

பக்கம் மெல்ல மேலே வந்தது. நேற்றுக் காலை ஸ்டுடியோவுக்கு அடுத்து நின்றது. தலைப்புக்குக் கீழே இரண்டு வரி தெரிந்தது:

‘வாசல் கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சிருக்கோம்யா. அடையாளம் தெரியாம தாண்டிப் போயிராத.’