லீனாவின் புது நன்மை

துரை வீட்டுத் துணிகளை அலசிக் காயப்போட்டுவிட்டு வீடு திரும்பும்போது அமலம்மாளுக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல் இருக்கும். அந்த அலுப்போடுதான் மகளை எதிரே உட்காரவைத்துப் பரலோக மந்திரம் என்னும் செபத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

"நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லு, லீனா," என்பாள்.

லீனா தலையாட்டுவாள். அம்மா ஒரு வரியை முடிப்பதற்குள் முதல் வார்த்தை அவளைவிட்டுப் போயிருக்கும். கடைசி வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். பிறவியிலேயே சற்று மேலேறிய கண்களும் தடித்த நாக்குமாக வந்த பெண். இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குக் காதில் விழும் சொற்கள் வரிசையாகத் தங்குவது கடினம் என்று அந்த நாளில் பினாங்கில் யார் அமலம்மாளுக்குச் சொன்னார்கள்? பிடிவாதம் என்றது அக்கம்பக்கம். அவளும் நம்பி அகப்பைக் காம்பை எடுத்தாள். மந்திரம் வரவில்லை, பிள்ளையின் உள்ளங்கைதான் சிவந்தது.

லீனாவோடு ஞானஸ்நானம் பெற்றவர்கள் எல்லாரும் எப்போதோ பூசையில் தரும் அப்பத்தை முதன்முறையாக உட்கொண்டு புது நன்மை வாங்கிவிட்டார்கள். மந்திரம் ஒப்பிக்காத பிள்ளைக்கு நன்மை கிடையாது என்பது கோவிலில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தும் சூசை உபதேசியாரின் சட்டம். நல்ல மனுஷர்தான். ஒப்பிக்கச் சொல்வதைத் தவிர வேறு பரீட்சை அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்தச் சனிக்கிழமையும் கோவிலில் அதே கதை. "அடுத்த வருஷம் பாப்போம்மா," என்றார் உபதேசியார். அழக்கூட அமலம்மாளுக்குத் தெம்பில்லை. பள்ளிவாசல் பக்கத்துக் கடையில் வாங்கித் துணியில் சுற்றி வைத்திருந்த ரொட்டியை மகளிடம் நீட்டினாள்.

லீனா வாங்கினாள், வாயில் வைக்கவில்லை. பீடத்தைப் பார்த்ததும் ரொட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு முழங்காலிட்டாள்.

"ஏம்மா ஒளிக்கிற?" என்றார் உபதேசியார்.

அவள் ரொட்டியைக் காட்டினாள். "ரொட்டி. பசிக்கு." பிறகு பீடத்தில் அப்பம் வைத்திருக்கும் நற்கருணைப் பேழையையும் சிலுவையில் தொங்கும் இயேசுவின் சுரூபத்தையும் மாறி மாறிக் காட்டினாள். "அது ரொட்டி இல்ல. அவரு."

உபதேசியார் அவள் அருகே குனிந்தார். "இது தெரிஞ்சாப் போதுமே! யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லீங்க," என்றாள் அமலம்மாள். "சொன்னது எதுவும் அவகிட்ட நிக்கலை. பூசையில பாத்தது நின்னிருக்கு."

"பங்குச் சாமியார்கிட்ட நானே பேசுறேன். நாளைக்கு வெள்ளைக் கவுன் போட்டுக் கூட்டிட்டு வாங்க."

அமலம்மாளுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. மகளின் கையைப் பிடித்து விரித்தாள். கன்றிப்போயிருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

"மனசுல நிக்காதது புள்ளையோட குத்தம் இல்லீங்க. காதால ஏறலைன்னா கண்ணால காட்டணும். அது தெரியாம அடிச்சேனே, அதுதான் குத்தம். நாளைக்கு நன்மை வாங்குறதுக்கு முன்னால சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டியவ இவ இல்ல, நான்."