மேயர் ஏறி வரும் சரிவு

‘தீர்ந்துவிட்டது’ என்று போன் திரை சொன்னபோது கர்டிஸின் விரல்களில் கிரீஸ் இருந்தது.

டிராக்டர் பழுதுபார்க்கும் கொட்டகையின் பின்பக்கம், காலி எண்ணெய் டப்பாக்களுக்கு நடுவே, காலையிலிருந்து அப்படியே நின்றிருந்தான். குலுக்கலில் போனது போக மிச்சம் விழுந்த வான்கோழி வேட்டை பர்மிட்டுகளை அன்றைக்கு ஆன்லைனில் விற்றார்கள். அவனுக்கு முன்னால் வரிசையில் ஆயிரக்கணக்கான பேர். எண் குறையக் குறைய அவனுக்கு மூச்சு வாங்கியது. அவன் முறையும் வந்தது. ஆனால் அவனுடைய மண்டலத்துக்கு எதிரே அந்த ஒரே சொல். வடக்கே, அரை நாள் ஓட்டிப் போகவேண்டிய மண்டலத்தில் இன்னும் நிறைய இருந்தது. இருந்து என்ன? அங்கே மேயர் இல்லையே!

மேயர் ஒரு கிழட்டு ஆண் வான்கோழி. ஆற்றுக்கு மேலே ஹெல்கெசன் பண்ணையை ஒட்டிய ஓக் காட்டில் வாசம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவான், கூப்பிட்ட எல்லாருக்கும் பதில் சொல்வான், யாருக்கும் அகப்படமாட்டான். அதனால்தான் அந்தப் பெயர். மூன்று வசந்தமாக கர்டிஸுக்கு அல்வா கொடுத்துக்கொண்டிருந்தான்.

கறி வேண்டுமென்றால் கடையில் உறைந்த வான்கோழி கிடைக்காதா? கிடைக்கும். கர்டிஸுக்கு அது தெரியும். இது கறி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. விடியாத காட்டில் உட்கார்ந்து, சுண்ணக்கட்டி தேய்த்த மரப்பெட்டியின் மூடியை மெல்ல இழுத்து, பெட்டைக் குரலில் ஒரு பொய் சொல்கிறோம். எங்கிருந்தோ ஒரு உயிர் அதை நம்பி, காடே அதிர பதில் சொல்கிறது. ஒருமுறை அதைக் கேட்டுவிட்டவன் உருப்படமாட்டான். ஏப்ரல் வந்தால் சர்ச் வாசலில்கூட பிக்கப் வண்டியின் கதவை ஓங்கி அறைந்து சாத்துவான் கர்டிஸ். திடீர்ச் சத்தம் கேட்டால் ஆண் வான்கோழியால் பதிலுக்குக் கத்தாமல் இருக்க முடியாது. காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவனை மனைவி மார்லாதான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போவாள்.

அதே மார்லாதான் ஒவ்வொரு டிசம்பரிலும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகளோடு சேர்த்து அவனுக்கு பர்மிட்டுக்கும் விண்ணப்பித்துவிடுவாள். அவன் கேட்டதே இல்லை. கேட்கவேண்டிய தேவை வந்ததில்லை, இந்த வருஷம் வரை.

"ஏன் போடல?" என்றான், வீட்டுக்குள் நுழைந்ததும்.

மார்லா அடுப்பில் மான்கறி சாசேஜைத் திருப்பிப் போட்டாள். "சொன்னேனே. டிசம்பர்ல, மேட்ச் ஓடிட்டிருந்தப்போ. இந்தத் தடவை நீயே போட்டுக்கோன்னேன். 'ம்'ன்ன."

"நான் 'ம்'னேனா?"

"கல்யாணம் ஆன நாளா அதைத்தானே சொல்ற."

கர்டிஸ் நாற்காலியில் சரிந்தான். சொன்னாளா? எந்த மேட்ச்? ஞாபகத்தைக் குடைந்து பார்த்தான். பச்சைப் புல்வெளியும் பனிக்குல்லாய்களும்தான் வந்தன, மார்லா வரவேயில்லை.

"இன்னொண்ணு," என்றாள் திரும்பாமலே. "எனக்குப் போட்டேன். விழுந்துடுச்சு."

"என்ன விழுந்துச்சு?"

"பர்மிட். உன் மண்டலம்தான். சீசன்ல ரெண்டாவது வாரம்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றது. "உனக்குத் துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதேடி!"

"குளிர்காலம் முழுக்க புதன்கிழமை சர்ச் பாட்டுக்குழுன்னு போனேன்ல? அது வேட்டைப் பயிற்சி வகுப்பு."

"பாட்டுக்குழுன்னு சொன்னியே!"

"என் தொண்டைக்கு என்னை எந்தப் பாட்டுக்குழுவுல சேப்பாங்க கர்ட்? நீ யோசிச்சிருக்கணும்."

கோபப்படுவதா, பெருமைப்படுவதா, பயப்படுவதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. சாசேஜைச் சாப்பிட்டான். ருசி தெரியவில்லை.

பர்மிட் இல்லாதவன் துப்பாக்கியைத் தொடக்கூடாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து குரல் கொடுக்கத் தடையில்லை. ரெண்டாவது வாரம், இருட்டு பிரியும் முன்பே, ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து இருவரும் உட்கார்ந்தார்கள். மார்லாவின் முழங்கால் மேல் அவனுடைய துப்பாக்கி. அவன் மடியில் மரப்பெட்டி. கைகள் இரண்டும் காலியாக இருப்பதுபோலவே இருந்தது. சரிவின் கீழே மூடுபனி படுத்திருந்தது.

"மார்லா. வேணும்னே என் பேரை விட்டியா?"

முகத்தை மறைக்கக் கட்டிய வலைக்குள்ளிருந்து அவள் மூச்சு ஆவியாய் வந்தது.

"தெரியல," என்றாள். "உன் பேரைத்தான் அடிக்க ஆரம்பிச்சேன். அப்புறம் பாத்தா என் பேரு இருக்கு."

"எங்கிட்ட சொன்னேன்னியே?"

"சொன்னேன். மெதுவா. டிவி சத்தத்துல."

"எதுக்குடி?"

"ஏப்ரல் பூரா உன் உடம்பு மட்டும்தான் சமையல்கட்டுல இருக்கும். நீ எங்க போறேன்னு பாக்கணும்னு இருந்துச்சு."

தெரிந்ததைச் செய்தான், மரப்பெட்டியின் மூடியை இழுத்தான். கீச்... கீச்... கீச்.

சரிவுக்குக் கீழிருந்து மேயர் பதில் சொன்னான்.

மார்லாவின் உடம்பு தூக்கிப்போட்டதை அவன் தோள் உணர்ந்தது. முதல் தடவை அவனுக்கும் அப்படித்தான் தூக்கிப்போட்டது.

பனியைப் பிளந்துகொண்டு வந்தான் மேயர். விசிறியாய் விரிந்த வால், தரையைக் கோடு கிழிக்கும் இறக்கைகள், சிவப்பும் நீலமும் வெள்ளையுமாய் மாறி மாறி எரியும் தலை. மூன்று வசந்தமாக வராத தூரத்துக்கு வந்துவிட்டான். துப்பாக்கிக் குழல் அவனையே பார்த்தது. பாதுகாப்புப் பொத்தான் தட்டிய சத்தம் கேட்டது. நல்ல மாணவி.

"இப்போ," என்றான் கர்டிஸ், உதடு அசையாமல். சுடு என்று சொல்கிறானா, விடு என்று சொல்கிறானா? அவனுக்கே விளங்கவில்லை. அவள் சுட்டால் மேயர் முடிந்தான். சுடாவிட்டால் அடுத்த டிசம்பர் இருக்கிறது. ஆனால் அந்த டிசம்பரில் எந்தப் பெயரை யார் அடிப்பது?

அவள் கன்னத்தில் வலை ஈரமாய் ஒட்டியிருந்தது.

"கர்ட்," என்றாள், மூச்சிலும் மெல்லிய குரலில். "இன்னொரு தடவை கூப்பிடு."

இவ்வளவு கிட்டத்தில் கையை அசைத்தால் மேயர் பார்த்துவிடுவான், ஓடிவிடுவான். அதை அவளுக்கு வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தெரிந்தேதான் கேட்கிறாள். மேயர் வாலை மடக்கி, கழுத்தை நீட்டி, ஓக் மரத்தை நேராகப் பார்த்தான். கர்டிஸின் கட்டைவிரல் மரப்பெட்டியின் மூடிமேல் இருந்தது. விரலில் ஒட்டியிருந்த சுண்ணத்தூள் மெல்ல உதிர்ந்து, கீழே காய்ந்த இலைமேல் விழுந்துகொண்டிருந்தது.