பாலையூற்று வீட்டுச் செலவு

குலசிங்கத்தாரின் பாலையூற்று வீட்டைப் போலச் செல்லமாகப் பராமரிக்கப்பட்ட வீடு திருகோணமலையில் வேறு இருந்திருக்காது. எல்லாம் வரிப் படிவத்தில்தான். ஒரு வருடம் ஓடு முழுவதையும் மாற்றினார். மறு வருடம் கிணற்றைத் தூர் வாரினார். வெள்ளையடிப்பதோ வருடா வருடம். வந்த வாடகையில் முக்கால்வாசியை அந்த வீடே தின்றுவிட்டது என்று எழுதிக் கையொப்பம் வைக்கும்போது மனிதருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கும். உண்மையில் அந்தச் சுவர்கள் சுண்ணாம்பைக் கண்டது வீடு குடிபுகுந்த அன்றைக்கு மட்டும்தான்.

வாடகைக்கு இருந்தவர் கலீலுர் றஹ்மான். புல்மோட்டை கனிம மணல் ஆலையில் வேலை. "மழைக்கு அறையெல்லாம் ஒழுகுது ஐயா" என்று ஒவ்வொரு மார்கழியும் சொல்லுவார். "சட்டியை வையுங்கோ தம்பி" என்று குலசிங்கத்தாரும் ஒவ்வொரு மார்கழியும் சொல்லுவார்.

அந்த வீட்டைக் கட்டும்போது மகள் குணேஸ்வரிக்கென்று சொல்லித்தான் கட்டினார். பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீடு எழுதிக் கொடுக்க வேண்டும். ஊர் வழக்கம் அப்படி. எழுதிக் கொடுத்தால் வாடகை போய்விடுமே! அதனால் வந்த மாப்பிள்ளைகளில் ஒருவனுக்கு மூக்கு நீளமாக இருந்தது, இன்னொருவனுக்குக் குலம் கோத்திரம் இடித்தது. தபால் கந்தோரில் வேலை பார்த்த இராசநாயகம் திரும்பத் திரும்ப ஆள் அனுப்பிக் கேட்டான். "சாதகம் பொருந்தேல்லை" என்று திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டார். குணேஸ்வரிக்கு முப்பது தாண்டிவிட்டது. அவளுக்கு இராசநாயகத்தைப் பிடித்திருந்தது. அதை யார் கேட்டார்கள்?

எழுபத்தாறாம் ஆண்டு மார்கழியில் வரிக் கந்தோருக்கு மாற்றலாகி வந்த ஒரு புது உத்தியோகத்தர், பாலையூற்று வீட்டை நேரில் பார்க்க வேண்டும் என்று நின்றார். குலசிங்கத்தாரும் கூடப் போனார். நல்ல மழை.

"புது ஓடு எண்டு எழுதியிருக்கிறியள் ஐயா. இதில எது புது ஓடு?"

கலீலுர் றஹ்மானின் மனைவி அசனா, அறை நடுவில் நிரம்பியிருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் ஊற்றிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்தாள். அதுவே போதுமாயிருந்தது.

அந்த மழையிலும் குலசிங்கத்தாருக்கு வேர்த்தது. "இது என்ர வீடில்லை ஐயா. மகளின்ர சீதன வீடு. வாடகையும் அவவுக்குத்தான்."

"மகள் கலியாணம் முடிச்சிட்டாவோ?"

"இல்லை. முடிக்கப் போறா."

"வீட்டை அவவின்ர பேருக்கு உறுதி எழுதியாச்சோ?"

"எழுதப் போறன்."

உத்தியோகத்தர் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். "பழைய வருசங்களுக்கு வரியும் தண்டமும் நீங்கள்தான் கட்ட வேணும். இனி வாறதுக்கு உறுதியைக் கொண்டுவந்து காட்டுங்கோ."

தண்டம் கட்டியபோது வயிறு எரிந்தாலும், உறுதி விஷயத்தில் மனிதருக்கு உள்ளூரச் சந்தோஷப் புளுகம். குணேஸ்வரிக்கு வேறு வருமானம் கிடையாது; அவள் பெயரில் வீடு இருந்தால் ஒரு சதம் வரி வராது. வாடகையை அவளா வைத்திருக்கப் போகிறாள்? கையோடு உறுதி எழுதும் நொத்தாரிசிடம் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் வீட்டை எழுதிக் கொடுத்தார்.

மாதம் பிறந்ததும் வாடகை வாங்கப் போனார். கூரையில் இரண்டு பேர் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மகள் வந்து வாங்கிக்கொண்டு போயிட்டாவே ஐயா" என்றார் கலீலுர் றஹ்மான். "இந்த ஆக்களையும் அவதான் பிடிச்சு விட்டவ."

குலசிங்கத்தார் மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தார். "வாடகைக் காசு எங்கை?"

"என்னட்டை இருக்கு" என்றாள் குணேஸ்வரி. "உங்களிட்டைத் தந்தால் அது உங்கட வருமானமாப் போயிடும் அப்பா. பிறகு நீங்கள் கந்தோரில பொய் சொன்னதா வரும்."

அவள் அதோடு விடவில்லை.

"வாற வைகாசியில எனக்கும் இராசநாயகத்துக்கும் பதிவுக் கந்தோரில கலியாண எழுத்து."

"ஆரைக் கேட்டு?"

"என்னை ஆர் கேட்டது? வீடு எனக்கெண்டு, பெண் கேட்டு வந்த ஒருத்தருக்கும் நீங்கள் சொல்லேல்லை. வரி கேட்டு வந்தவருக்குத்தான் சொன்னனீங்கள்."

அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"அப்பிடியெண்டால் என்ர வீட்டை விட்டு இப்பவே வெளிக்கிடு."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கனகம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து புருஷனை எதிர்த்து ஒரு கதை கதைத்தறியாத மனுஷி.

"ஆரின்ர வீட்டை விட்டு?"

"என்ன கதை இது?"

"இது நீங்கள் எனக்குத் தாலி கட்டேக்கை என்ர அப்பா எனக்கு எழுதித் தந்த வீடு. என்ர பிள்ளை இங்கை இருப்பாள். பார்த்துக்கொண்டு இருக்க ஏலாதெண்டால் நீங்கள் வெளிக்கிடுங்கோ."

குலசிங்கத்தார் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கலியாணமான நாள்முதல் வாடகையில்லாமல் இன்னொருத்தி வீட்டில் குடியிருப்பதை அவர் எந்தப் படிவத்திலும் எழுதியதில்லை.